‘ஹெப்பாள்ல ரேர் பேர்ட்!’: இந்த ஒரு வரி போதாது

செப்டம்பர் பிறந்துவிட்டால் பெங்களூர்ப் பறவைக் குழுக்களின் வாட்ஸ்அப் சூடாகிவிடும். “ஹெப்பாள் ஏரியில் ரேர் பேர்ட்! சீக்கிரம் வாங்க!” என்று ஒரு வரி. கூடவே வெள்ளை வானத்தில் கறுப்பு மிளகு மாதிரி ஒரு படம். என்ன பறவை, எந்தக் கரை, எத்தனை மணிக்கு, இன்னும் இருக்கிறதா என்று கேள்விகள் குவியும். பதில் வருவதற்குள் பறவை பறந்திருக்கும். கடைசியில் அது கரும்பருந்துதான் என்று யாராவது சொல்வார்கள். பார்த்தவர் மேல் தப்பில்லை. எதை எழுதி அனுப்ப வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். இந்தப் பதிவு அதற்காக.

முதலில் ‘அபூர்வம்’ என்ற சொல். பறவை அழகாக இருப்பதற்கும் அபூர்வமாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. இடம், மாதம், எண்ணிக்கை, இந்த மூன்றில் ஒன்று வழக்கத்துக்கு மாறாக இருந்தால்தான் அபூர்வம். பழவேற்காட்டில் கூட்டங்கூட்டமாக நிற்கும் பூநாரை, கடலிலிருந்து இத்தனை தூரம் உள்ளே, 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூர் ஏரி ஒன்றில் ஒற்றையாக இறங்கினாலும் செய்தி. மஞ்சள் தொண்டைச் சின்னான் நந்தி மலைப் பாறைச் சரிவில் இருந்தால் அதன் வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். அதையே லால்பாக்கில் பார்த்ததாகச் சொன்னால் படம் கேட்பார்கள். சாம்பல் வாலாட்டி அக்டோபரில் எந்த வாய்க்கால் ஓரத்திலும் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும், ஜூனில் அதே இடத்தில் நின்றால் குறிப்பெடுக்க வேண்டும். ஆக, பறவையின் பெயரோடு தேதியும் இடமும் இல்லாத செய்திக்கு மதிப்பே இல்லை.

சந்தேகத்தை நம்மிடமிருந்தே தொடங்குவது நல்லது. அபூர்வப் பறவை என்று முடிவு கட்டுமுன், அதே மாதிரித் தோன்றும் சாதாரணப் பறவையை ஒவ்வொரு அடையாளமாகக் கழிக்க வேண்டும். பெங்களூர் வானத்தில் பெரிதாய் வட்டமிடுவது பெரும்பாலும் கரும்பருந்து. அதன் வால் பிளவுபட்டிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வாலை முழுதாக விரித்தால் அந்தப் பிளவு மறைந்து ஓரம் நேர்க்கோடாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. இறகு உதிரும் பருவத்தில் வால் இன்னும் குழப்பும். “வால் பிளவு இல்லை, ஆகவே பூட்டட் ஈகிள்” என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். பூட்டட் ஈகிள் நம்மை நோக்கி வரும்போது கழுத்தும் சிறகும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைப் பொட்டு தெரியும், வண்டியின் முன்விளக்கு போல. அதைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் ‘பார்க்கவில்லை’ என்றே எழுதுங்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பருந்து வகை ஒன்றும் உண்டு. குழுவில் பிளாக்-இயர்டு கைட் என்பார்கள். கொஞ்சம் பெரிய உடம்பு, சிறகின் அடியில் அகலமான வெள்ளைத் திட்டு, வெளிறிய அடிவயிறு. ஒரே ஒரு படத்தை வைத்து இதைத் தீர்மானிப்பது கஷ்டம். ஐந்தாறு கோணம் வேண்டும்.

கூழைக்கடாவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் தவறு எப்படி நடக்கிறது என்பது இதில் நன்றாகத் தெரியும். இங்கே ஏரிகளில் சாதாரணமாக இருப்பது புள்ளி அலகுக் கூழைக்கடா. சாம்பல் படிந்த வெள்ளை, பிடரியில் சுருண்ட இறகு, மேலலகின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளி. வெள்ளைக் கூழைக்கடா இந்தப் பக்கம் எப்போதாவதுதான் தலைகாட்டும். “அலகில் புள்ளியே இல்லை, பளிச்சென்று வெள்ளை, வெள்ளைக் கூழைக்கடாதான்” என்று படம் வரும். பிரச்சினை என்னவென்றால், இளம் பருவத்துப் புள்ளி அலகுக் கூழைக்கடாவுக்கும் புள்ளி இருக்காது; அது பின்னால்தான் வரும். காலை வெயில் நேரே விழுந்தால் எந்தச் சாம்பலும் வெள்ளையாகத்தான் தெரியும். அப்படியானால் எதை நம்புவது? சிறகை. வெள்ளைக் கூழைக்கடா பறக்கும்போது சிறகின் அடியில் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு. நடுவில் கோடு கிழித்த மாதிரி இருக்கும். புள்ளி அலகுக்காரருக்கு அங்கே மங்கிய சாம்பல்தான், அந்த வெட்டு இருக்காது. இரண்டாவது, நெற்றி. வெள்ளைக் கூழைக்கடாவின் நெற்றி இறகு அலகின் அடியில் கூரான முனையாக வந்து முடியும். உட்கார்ந்திருக்கும் பறவை எழுந்து பறக்கும்வரை அரை மணி காத்திருந்தால் விஷயம் முடிந்துவிடும். எழுப்பிவிடுவதற்காகக் கல் எறிகிறவர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

உள்ளான்களில் குழப்பம் அதிகம். ஆனால் மூன்றே மூன்றை முதலில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மார்புக்கும் மடக்கிய சிறகுக்கும் நடுவில் வெள்ளை ஆப்பு ஒன்று மேலேறினால் காமன் சாண்ட்பைப்பர். பறக்கும்போது சிறகின் அடி கறுப்பாகவும் வால் மூட்டு பளீர் வெள்ளையாகவும் இருந்தால் கிரீன். முதுகில் நிறையப் புள்ளி, கண்ணுக்கு மேல் நீண்ட வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயல் கால் என்றால் வுட். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, டெமிங்க் ஸ்டிண்ட்டுக்கு வெளிர் மஞ்சள். ஆனால் காலில் சேறு ஒட்டியிருந்தால் இரண்டும் கறுப்புத்தான். கோரை உள்ளான்களைத் தரையில் வைத்துப் பெயர் சொல்லவே வேண்டாம். எழுந்து பறக்கும்போது சிறகின் பின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தால் சாதாரணக் கோரை உள்ளான். அது தெரியவில்லை என்றால் ‘கோரை உள்ளான், எந்த வகை என்று தெரியவில்லை’ என்று பதிவதில் ஒரு அவமானமும் இல்லை.

ஹெசரகட்டா புல்வெளிக்கு நவம்பரில் போனால் பூனைப்பருந்துகள் தரையைத் தடவியபடி பறக்கும். மொன்டாகு, பேலிட் என்ற இரண்டு வகையில் ஆணைப் பிரிப்பது எளிது, பெண்ணையும் இளசையும் பிரிப்பதில்தான் சண்டை வரும். பெண் மொன்டாகுவின் சிறகடியில் உள்ள கருவரிகள் உடம்புவரை சீராக ஓடும். பெண் பேலிட் என்றால் உடம்பை நெருங்க நெருங்க வரிகள் இருட்டில் கரைந்துவிடும். இளம் பேலிட்டின் கழுத்தைச் சுற்றி வெளிறிய பட்டை ஒன்று துண்டு போட்ட மாதிரித் தெரியும். இதெல்லாம் படத்தில் வர வேண்டும் என்றால் சிறகு மேலே தூக்கியிருக்கும் நொடியைப் பிடிக்க வேண்டும். வெள்ளை வானத்தின் எதிரே எடுக்கும்போது எக்ஸ்போஷரை +1 வரை ஏற்றாவிட்டால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாகிவிடும், வரியாவது பட்டையாவது.

இலைக்கதிர்க்குருவிகள் விஷயத்தில் கண்ணை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். ஒரு மரத்தில் பச்சையாய், சிறிதாய், நிற்காமல் ஓடும் குருவி கிரீனிஷ் வார்ப்ளரா, கிரீன் வார்ப்ளரா என்பதை அது கத்தும் அழைப்புதான் சொல்லும்: முன்னது இரண்டு அசை, பின்னது மூன்று அசை. போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக வேண்டாம். பேச்சுக்காகச் சுருக்கப்படுவதால் உயர்ந்த சுருதி அடிபட்டுப்போகும். தனி ரெக்கார்டர் செயலியில், முடிந்தால் வேவ் வடிவத்தில், சத்தத்தைக் குறைக்கும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள். குருவி கத்தி முடித்தபின் 3 விநாடி அமைதி விட்டு, பிறகு தேதி, இடத்தைச் சொல்லி முடியுங்கள்.

பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி காட்டும் பெயரை அப்படியே பட்டியலில் போடுவது இப்போது புதுத் தொற்று. அது நல்ல செயலி, மறுக்கவில்லை. ஆனால் கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும். லீஃப்பேர்ட் ஒரே மூச்சில் நான்கைந்து பறவைகளின் குரலைப் பாடிக் காட்டும். செயலி நான்கைந்து பெயரைக் காட்டும், மரத்தில் இருப்பது ஒன்றுதான். மெர்லின் காட்டினால் அது ‘தேடிப் பார்’ என்ற குறிப்பு மட்டுமே.

பிறகு, இயற்கையில் இல்லாத ‘அபூர்வங்கள்’. தேன் குடிக்கப் போய் நெற்றியெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்ட தேன்சிட்டு, வெள்ளைக்கண்ணி. மார்ச் மாதம் இவற்றின் படத்தை ‘மஞ்சள் நெற்றிப் புது இனம்’ என்று அனுப்புவார்கள். நிறமி குறைந்த வெள்ளைக் காகம். கழிவுநீர் ஏரியில் உழன்று சாம்பலான சின்னக் கொக்கு. இதைப் பார்த்துக் கடற்கரைக் கொக்கு இங்கே வந்துவிட்டது என்பார்கள். சாயம் பூசி விற்ற தினைக்குருவி. கூண்டிலிருந்து தப்பிய பட்ஜி, காக்கட்டீல், கோன்யூர் கிளிகள். இந்தியக் காட்டுப் பறவைகளை வாங்குவதும் விற்பதும் 1990-91 முதல் தடை என்பதால் கடையில் வெளிப்படையாக இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு இனங்கள். அதனால் எந்த ஊர்ப் புத்தகத்திலும் இல்லாத பளபளப்பான கிளி மாடியில் வந்து உட்கார்ந்தால் முதல் சந்தேகம் கூண்டுதான். காலைப் படம் எடுங்கள்: வளையம் இருக்கிறதா? வால் நுனி கம்பியில் உரசித் தேய்ந்திருக்கிறதா? ஆளைக் கண்டு பயப்படுகிறதா? இவற்றையும் பதியலாம், பதியவும் வேண்டும். இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் தப்பிய பறவைக்கென்று தனி வகையே உண்டு. அதை அபூர்வ விருந்தாளி என்று அறிவிக்கக் கூடாது, அவ்வளவே.

இனி கண்ணில் பட்ட முதல் ஐந்து நிமிடம். பலரும் பைனாக்குலரைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். கூடாது. பறவை இருக்கும்வரை பறவையையே பாருங்கள், புத்தகம் எங்கும் போகாது. நின்ற இடத்திலிருந்தே முதல் படத்தை எடுத்துவிடுங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. கிட்டே போய் எடுக்கலாம் என்று நினைத்தால் அந்த மங்கல் படமும் கிடைக்காது. பிறகு பக்கவாட்டு, முதுகு, பறக்கும்போது வால், கால். கடைசியாக, தெரிந்த ஒரு பறவை பக்கத்தில் நிற்க ஒரு படம். அளவுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கேமரா இல்லையென்றால் போனின் சாதாரண லென்ஸைப் பைனாக்குலரின் கண்குழியில் ஒட்டி வைத்து வீடியோ எடுங்கள். ஒரு நிமிட வீடியோவிலிருந்து நாலு நல்ல சட்டகமாவது தேறும். ஏரியில் வெயில் ஏறியதும் நீர்மேல் காற்று நடுங்கத் தொடங்கும். அதற்குமேல் 100 மீட்டர் தள்ளி நிற்கும் உள்ளானை எந்த லென்ஸும் கூராக்காது.

அடுத்து வாயால் பேசிப் பதிவு செய்யுங்கள், எழுதுவதைவிட வேகம். அளவை அங்குலத்தில் சொல்லாதீர்கள், தூரத்தில் யாருக்கும் அங்குலம் தெரியாது. ‘மைனாவைவிடப் பெரிது, புறாவைவிடச் சிறிது’ என்றால் எல்லோருக்கும் புரியும். அலகு, கால், சிறகு, வால், சத்தம், என்ன செய்துகொண்டிருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள். புத்தகத்தைத் திறக்குமுன் இதை முடித்துவிட வேண்டும். திறந்தபின் எழுதினால் புத்தகத்தில் இருப்பதைத்தான் பார்த்ததாக மனசு சொல்லும்.

குழுவுக்கு அனுப்பும் செய்தி இப்படி இருந்தால் போதும்:

“வெள்ளைக் கூழைக்கடா 1, ஹொஸ்கோட்டே ஏரி, கரையின் நடுவில் நின்று தண்ணீரைப் பார்த்தால் இடப்பக்கம், சுமார் 150 மீட்டர். காலை 7:10 முதல் 7:50 வரை. புள்ளி அலகுக் கூழைக்கடா 14-உடன். இரண்டு முறை பறந்தது. சிறகடியில் கறுப்பு-வெள்ளை வெட்டு தெளிவு. நெற்றி முனை தெரியவில்லை. 7:50-க்கு இன்னும் இருந்தது.”

ஏழே வரி. யாரும் எதுவும் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. இதில் எனக்கு மிகப் பிடித்தது ‘தெரியவில்லை’ என்ற சொல். அதைச் சேர்த்தவர் சொல்லும் மற்றதையும் நம்பலாம்.

இடப்பெயரில் பெங்களூர் ஒரு பொறி வைத்திருக்கிறது. ‘புட்டேனஹள்ளி ஏரி’ என்றால் எலஹங்காவில் ஒன்று, ஜே.பி. நகரில் ஒன்று, நடுவில் ஊர் முழுக்க இருக்கிறது. ‘கல்கெரே’ என்றால் ராமமூர்த்தி நகர்ப் பக்கத்து ஏரியா, பன்னேர்கட்டாப் பக்கத்துக் காடா? ‘அகரா’ என்றால் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டா, கனகபுரா சாலையா? ‘ஹெசரகட்டா’ என்று மட்டும் போட்டால் ஏரியா புல்வெளியா என்று தெரியாது. பெயரோடு பேட்டையும் போடுங்கள், முடிந்தால் வரைபடப் புள்ளியும். வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் தரம் சுருங்கும், தேதி, ஜி.பி.எஸ். தகவலும் உதிர்ந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். கேமராக் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. படத்தைக் கூராக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வேண்டவே வேண்டாம். இல்லாத வரியை இறகில் வரைந்துவிடும். வெட்டிய படம் ஒன்று, வெட்டாத மூலம் ஒன்று, இரண்டையும் வைத்திருங்கள்.

வாட்ஸ்அப் செய்தி சாயங்காலத்துக்குள் மேலே போய் மறைந்துவிடும். நிலைத்து நிற்பது இ-பேர்ட் பட்டியல்தான். அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் எந்தப் பறவை எத்தனை வரை இயல்பு என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைத் தாண்டினால் விவரம் கேட்கும். “நிச்சயமாகப் பார்த்தேன்” என்று அங்கே எழுதுவது விவரம் இல்லை. “பக்கத்தில் பலரும் பார்த்தார்கள்” என்பதும் இல்லை. மேலே சொன்ன குறிப்பை அப்படியே போட்டு, எந்தப் பறவையை எதனால் கழித்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். சரிபார்ப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கேள்வி கேட்டு மின்னஞ்சல் வந்தால் சண்டைக்கு இழுக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. உறுதியாகும்வரை பொது வரைபடத்தில் தெரியாது, உங்கள் பட்டியலில் அப்படியே இருக்கும். இன்னொன்று: காலையில் மூன்று ஏரி சுற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டாதீர்கள். ஏரிக்கு ஒரு பட்டியல். எண்ணிக்கைக்குப் பதில் ‘எக்ஸ்’ போடுவதும் சோம்பேறித்தனம். தோராயமாக 40 என்றாலும் எண்தான் உதவும்.

எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அடுத்தது. திறந்த ஏரியில் நடுத்தண்ணீரில் நிற்கும் வரித்தலை வாத்தை உடனே சொல்லலாம், ஐம்பது பேர் கரையில் நின்றாலும் அதற்கு ஒன்றுமில்லை. பகலில் ஒரே கிளையில் தூங்கும் ஆந்தை, தரையில் படுத்திருக்கும் பக்கி என்ற இராப்பறவை, எந்தப் பறவையின் கூடும், இவற்றின் இடத்தைக் குழுவில் போடக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது வருகிறது. இ-பேர்ட் சில இனங்களின் இடத்தைத் தானே மறைக்கும், எல்லாவற்றுக்கும் மறைக்காது. தேவையானால் பட்டியலையே பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவைக்கலாம். ஹெசரகட்டாவில் பூனைப்பருந்துகள் சாயங்காலம் புல்லில் இறங்கித் தூங்கும் இடத்தைச் சொல்வதும் கூட்டைச் சொல்வதற்குச் சமம். வானம்பாடியும் நெட்டைக்காலியும் தரையில்தான் முட்டையிடும், ஜீப் தடத்தைவிட்டு வண்டி இறங்கக் கூடாது.

ஆறுமணிக்குருவி நடுவில் நிற்கும் கேஸ். அக்டோபர்-நவம்பரில் தெற்கே போகும் வழியில் களைத்துப்போய் அபார்ட்மென்ட் தோட்டத்திலும் பள்ளி வளாகத்திலும் இறங்கும். ஓரிரு நாள் சருகைக் கிளறித் தின்றுவிட்டுக் கிளம்பும். இடத்தைப் போட்டால் மறுநாள் காலை கேட்டில் இருபது கேமரா நிற்கும். செக்யூரிட்டி திணறுவார், பறவை சாப்பிடாது. குடியிருப்போர் சம்மதம் இல்லாமல் போட வேண்டாம். போட்டால் நாலு பேராக, 15 மீட்டர் தள்ளி, ஃபிளாஷ் இல்லாமல், குரலைப் போட்டுக் கூப்பிடாமல், புழு வைக்காமல். ஏரிக் காவலாளி யாராவது தடுத்தால் நம் தமிழ் வேகத்தில் வாதாடுவதைவிட “ஹக்கி நோடக்கே பந்திதீவி” (பறவை பார்க்க வந்திருக்கிறோம்) என்று கன்னடத்தில் சொல்லிப் பைனாக்குலரைக் கொடுத்து ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் என்ன வந்திருக்கிறது என்று அவரே சொல்வார்.

தேடிப் போய்க் கிடைக்காவிட்டால் பலர் சத்தமில்லாமல் வீடு திரும்பிவிடுகிறார்கள். அதுவும் செய்திதான். “6:40 முதல் 8:10 வரை அதே கரையில் பார்த்தோம், இல்லை” என்று போட்டால் ஒயிட்ஃபீல்டிலிருந்து கிளம்ப இருந்தவருக்கு இரண்டு மணி நேர டிராஃபிக் மிச்சம். பறவை எத்தனை நாள் தங்கியது என்ற கணக்கும் கிடைக்கும். அடையாளம் தப்பு என்று தெரிந்தால் பழைய செய்திக்கே பதிலாகத் திருத்தத்தை எழுதி, எந்த அடையாளத்தில் ஏமாந்தோம் என்றும் ஒரு வரி போடுங்கள். அழித்துவிட்டால் ஏற்கெனவே ஃபார்வர்டு ஆன படம் மட்டும் பொய்ப் பெயரோடு சுற்றிக்கொண்டிருக்கும். இ-பேர்டிலும் பறவையின் பெயரை மாற்றினால் போதும், பட்டியலை நீக்க வேண்டியதில்லை.

புயல் நாட்களில் மட்டும் வரிசை மாறும். வங்காள விரிகுடாவில் புயல் அடித்த மறுநாளும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பருவக்காற்று பலமாக இருக்கும்போதும், கடற்பறவைகள் உள்நாடுவரை தள்ளப்பட்டு ஏரியிலோ மொட்டை மாடியிலோ விழும். அது பறக்க முடியாமல் கிடந்தால் இரண்டு படத்தோடு நிறுத்திக்கொண்டு அட்டைப்பெட்டியைத் தேடுங்கள். பக்கத்தில் காற்றுக்கு ஓட்டை, அடியில் பழைய துண்டு, மூடி சாத்தி இருட்டில், சத்தமில்லாத இடத்தில். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பாலும் சோறும் கூடவே கூடாது. அலகு கூராக இருக்கும், கண்ணுக்கு நேரே பிடிக்காமல் துண்டால் சிறகோடு சேர்த்து அணைத்துத் தூக்குங்கள். பறவை மீட்பு மையத்துக்குப் போன் போட்டபிறகு குழுவில் எழுதலாம். விழுந்த நேரம், இடம், சிறகில் ஈரம் இருந்ததா என்பதையும் சேர்த்து.